பூசத்தன்று வராதீர்கள், முன்னாலேயே வாருங்கள்: தைப்பூசத்தைப் பதிவு செய்யப் போகும் மாணவர்களுக்கு

நவம்பர் கடைசியில் எனக்கு வாட்ஸாப் வரத் தொடங்கிவிடும். "அக்கா, தைப்பூசத்தப் பத்தி புராஜெக்ட் செய்றோம், அன்னைக்கு எத்தனை மணிக்கு வந்தா நல்லா எடுக்கலாம்?" ஒவ்வொரு வருடமும் நான் சொல்லும் பதில் ஒன்றுதான். அன்றைக்கு வருவது இருக்கட்டும், இந்த வாரமே வா. ஏனென்றால் மலேசியாவில் பினாங்கின் முருகன் கோயில் இருக்கும் தண்ணீர்மலைக்கு அன்று வரும் கூட்டத்தில் நீங்கள் கேமராவோடு நிற்கும் இன்னொரு ஆள், அவ்வளவுதான். உங்களை யாருக்கும் தெரியாது, உங்களுக்கும் யாரையும் தெரியாது. காவடி போகும், மேளம் போகும், நீங்கள் ஆயிரம் படம் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவீர்கள், அப்புறம் கட்டுரை எழுத உட்கார்ந்தால் ஒரு படத்தில் இருப்பவருக்குக்கூடப் பெயர் தெரியாது.

நான் படித்த காலத்தில் எனக்கு நடந்ததும் இதுதான். அதனால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன். பினாங்கில் இருக்கும், அல்லது பினாங்குக்கு வரப்போகும் மாணவர்களுக்காக எழுதுகிறேன். பத்துமலைக்குப் போகிறவர்களுக்கும் பெரும்பாலும் இதே கதைதான், இடமும் கூட்டமும்தான் வேறு.

முதலில், தலைப்பைச் சிறியதாக்குங்கள். "பினாங்கில் தைப்பூசம்" என்பது ஒரு மாணவர் ஒரு பருவத்தில் செய்யக்கூடிய வேலை இல்லை. லெபோ பினாங் என்ற தெருவில் இருக்கும் செட்டியார்களின் கோவில் வீட்டிலிருந்து முதல் நாள் காலையில் வெள்ளி ரதம் கிளம்புகிறது. 2017லிருந்து குயின் ஸ்திரீட் மகா மாரியம்மன் கோயிலிலிருந்து வேலைச் சுமந்துகொண்டு தங்க ரதமும் கிளம்புகிறது. ஒன்று தண்ணீர்மலை அடிவாரத்துச் செட்டியார் கோயிலுக்கு, இன்னொன்று மலைமேல் இருக்கும் பாலதண்டாயுதபாணி கோயிலைச் சேர்ந்தது. வழியெல்லாம் அர்ச்சனைத் தட்டுகள், தேங்காய்க் குவியல்கள், தண்ணீர் பந்தல்கள். இதையெல்லாம் ஒரே ஆள் எப்படிப் பார்ப்பது?

ஒரே ஒரு மேளக்குழுவை எடுத்துக்கொள்ளுங்கள். அல்லது ஒரு தண்ணீர் பந்தல்: யார் பணம் போடுகிறார்கள், யார் சமைக்கிறார்கள், எந்தப் பாட்டைப் போடுவது என்று யார் முடிவு செய்கிறார்கள். அல்லது ஒரு சீனர் கடை வாசலில் குவித்திருக்கும் தேங்காய்கள். அதை ஆர்டர் செய்தது யார், எந்த வேண்டுதலுக்காக, எத்தனை வருடமாக, ரதம் போன பிறகு சாலையில் கிடக்கும் சில்லுகளை யார் கூட்டி அள்ளுகிறார்கள். இந்தத் தேங்காய் விஷயத்தை மட்டும் வைத்து ஒரு நல்ல இளங்கலை ஆய்வேடு எழுதலாம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். இதுவரை என்னிடம் கேட்ட யாரும் அதை எடுக்கவில்லை. காவடி என்றால்தான் கண் போகிறது.

பெரிய கூட்டம் பயமாக இருந்தால் தெலுக் பஹாங் போங்கள். அங்கே சிங்கமுக காளியம்மன் கோயிலில் மாசி மகத்துக்குக் கடலில் தெப்பம் விடுவார்கள். ஊர் சிறியது, இரண்டாவது முறை போனாலே ஆட்கள் அடையாளம் கண்டுகொள்வார்கள். களப்பணி பழகுவதற்கு அது நல்ல இடம்.

சரி, மேளக்குழு என்றே வைத்துக்கொள்வோம், ஏனென்றால் எனக்கு அதுதான் நன்றாகத் தெரியும். 48 நாள் விரதம் இருப்பவர்கள் பூசத்துக்கு ஒன்றரை மாதம் முன்பே மாலை போட்டிருப்பார்கள். மேளக்குழுக்களும் அந்த நேரத்தில்தான் வாராவாரம் ஒத்திகை பார்ப்பார்கள், பெரும்பாலும் இரவில், வேலை முடிந்த பிறகு, ஏதாவது ஒரு கோயில் கொட்டகையிலோ அடுக்குமாடிக் குடியிருப்புக்குக் கீழேயோ. அங்கேதான் நீங்கள் இருக்க வேண்டும்.

முதல் முறை போகும்போது கையில் எதுவும் வேண்டாம். கேமரா, ரெக்கார்டர், கேள்வித்தாள் எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். தெரிந்தவர் ஒருவர் மூலமாகப் போவது நல்லது. யாருமே இல்லையென்றால் குழுவில் மூத்தவர் யார் என்று கேட்டு அவரிடம் நேராகப் போய் வணக்கம் சொல்லுங்கள். வயதானவர் என்றால் ஐயா, முப்பது நாற்பது என்றால் அண்ணன். "சார்" வேண்டாம். சார் என்று ஆரம்பித்தால் அவர் அரசாங்க ஆளிடம் பேசுவதுபோலத்தான் கடைசிவரை பேசுவார். என்ன செய்ய வந்திருக்கிறீர்கள் என்பதை இரண்டு வரியில் சொல்லப் பழகிக்கொள்ளுங்கள். நான் சொன்னது இப்படி: "அண்ணே, நான் காலேஜ்ல படிக்கிறேன். நீங்க எப்படிப் பழகுறீங்க, எந்தப் பாட்டு எங்க வாசிக்கிறீங்கன்னு எழுதணும். ஒரு மாசம் வந்து உக்காந்து பாக்கலாமா?" அவர் கேட்ட முதல் கேள்வி, "எந்தப் பேப்பர்ல வரும்?" எந்தப் பேப்பரிலும் வராது, என் பேராசிரியரும் இன்னும் இரண்டு பேரும்தான் படிப்பார்கள் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "சரி, உக்காரு" என்றார். இந்த இடத்தில் பெரிதாக எதையும் வாக்குக் கொடுக்காதீர்கள். டிவியில் வரும், யூடியூப்பில் போடுவோம் என்றெல்லாம் சொல்லி உள்ளே போனால் பிறகு அந்த வாக்கு உங்களைத் துரத்தும்.

இதோடு ஒரு விஷயம் புரிந்துகொள்ள வேண்டும். உறுமி மேளம் அடிக்கும் பையன்களைப் பற்றி நம் சமூகத்திலேயே நிறையப் பேர் நிறையச் சொல்லியிருக்கிறார்கள்: ரௌடிகள், குடிக்கிறார்கள், சினிமாப் பாட்டு அடித்துத் திருவிழாவைக் கெடுக்கிறார்கள் என்று. ஒவ்வொரு வருடமும் பூசத்துக்கு முன்னால் இந்தச் சண்டை வரும். அதனால் நோட்டுப் புத்தகத்தோடு வருகிற ஆளைப் பார்த்தால் அவர்களுக்கு முதலில் சந்தேகம்தான் வரும், அதில் தப்பே இல்லை. நீங்கள் தீர்ப்பு சொல்ல வரவில்லை என்பதை வாயால் சொன்னால் போதாது, நாலைந்து வாரம் சும்மா உட்கார்ந்து காட்ட வேண்டும். சினிமா மெட்டில் பக்தி வரியைப் போட்டு அடிக்கிறார்களா, அதை அப்படியே எழுதுங்கள். எந்த மெட்டு, வரியை யார் எழுதினார், குழுவில் யாருக்கு அது பிடிக்கவில்லை, கோயில் நிர்வாகம் வரும் இடத்தில் மட்டும் எந்தப் பாட்டுக்கு மாறுகிறார்கள். "இது உண்மையான மரபு இல்லை" என்ற வாக்கியம் உங்கள் கட்டுரையில் வந்தால் அதற்கு மேல் நீங்கள் எதையும் பார்க்கப் போவதில்லை.

அனுமதி விஷயத்தில் ரொம்பக் கவனம் வேண்டும். பல்கலைக்கழகத்தின் நெறிமுறைக் குழு கேட்கும் படிவம் ஒன்று இருக்கும், அதை நிரப்பித்தான் ஆக வேண்டும். கோயில் நிர்வாகத்துக்குத் துறையின் முத்திரையோடு ஒரு கடிதம் கொடுங்கள், தமிழிலும் மலாயிலும். ஆனால் உண்மையான அனுமதி காவடி எடுக்கிறவரிடம் கேட்பதுதான். அதை ஒருமுறை கேட்டால் போதாது. விரதத்தில் இருக்கும்போது, நிதானமாக உட்கார்ந்து பேசும்போது கேளுங்கள்: "அலகு குத்தும்போது பக்கத்தில் நிற்கலாமா? அருள் வந்த நேரத்தில் படம் எடுக்கலாமா? முகம் தெரியலாமா?" பூசத்தன்று காலையில் அவர் குளித்துவிட்டு வந்ததும் அவருடைய குடும்பத்தாரிடம் இன்னொரு முறை உறுதிப்படுத்துங்கள். எல்லாம் முடிந்து நாலு நாள் கழித்து, எடுத்ததை அவருக்கே போட்டுக் காட்டி மூன்றாவது முறை கேளுங்கள். அருள் வந்திருந்த நேரம் பலருக்கு நினைவிலேயே இருக்காது. தன் முகம் அப்படி இருந்ததை அவர் முதல்முறையாகப் பார்ப்பது உங்கள் போனில்தான். "இத மட்டும் வேணாம்மா" என்று ஒரு அண்ணன் என்னிடம் சொன்னார். என் ஆய்விலேயே மிக நல்ல பதிவு அதுதான். அவர் எதிரிலேயே அழித்தேன். அவர் மனைவி அன்றைக்குப் பிறகுதான் என்னிடம் பேச ஆரம்பித்தார், அந்த வேண்டுதல் எதற்கு என்பதும் அப்போதுதான் எனக்குத் தெரிய வந்தது. சிறுபிள்ளைகள் என்றால் பெற்றோரைக் கேட்காமல் கேமராவைத் தூக்கவே தூக்காதீர்கள்.

இப்போது ஒலிப்பதிவு. மாணவர்கள் அதிகம் கோட்டை விடும் இடம் இது.

உறுமிக்கு இரண்டு முகம். ஒரு பக்கத்தைக் குச்சியால் அடிப்பார்கள். மறுபக்கத்தில் வளைந்த குச்சியை அழுத்தித் தேய்ப்பார்கள், அப்போதுதான் அந்த "ம்ம்ம்ம்" என்கிற உறுமல் அடிவயிற்றிலிருந்து வருவதுபோல எழும்பும். அந்த உறுமலை போனில் பதிவு செய்து வீட்டில் போட்டுக் கேட்டால் ஒன்றும் இருக்காது, வெறும் சடசட என்ற சத்தம்தான். காரணம் இரண்டு. முதலாவது, தவிலும் பம்பையும் விழும் வேகத்தில் போன் மைக் தாங்காமல் ஒலி உடைந்துவிடும். இரண்டாவது, போன் தானாகவே ஒலியளவை ஏற்றி இறக்கும். மேளம் உரக்க வந்தால் எல்லாவற்றையும் அமுக்கிவிட்டு, மேளம் நின்ற பிறகு மெதுவாகத்தான் திரும்ப ஏற்றும். அந்த இடைவெளியில் பக்கத்தில் ஒரு பாட்டி வேல் விருத்தம் பாடியிருந்தால் அது போயே போயிற்று. எனக்குப் போனது அப்படித்தான். நாலு மணி நேரப் பதிவில் ஒரு பாட்டுக்கூடத் தேறவில்லை, அந்தப் பாட்டி அடுத்த பூசத்துக்கு இல்லை.

அதனால் துறையில் ரெக்கார்டர் இருந்தால் இரவல் கேளுங்கள். தானியங்கி ஒலியளவை அணைத்துவிட்டு, ஒத்திகையில் அவர்கள் உச்சத்தில் அடிக்கும்போது ரெக்கார்டரின் ஒலியளவு முள் கழித்தல் 12 டெசிபலைத் தாண்டாதபடி வையுங்கள். பூசத்தன்று அதைவிட வேகமாகத்தான் அடிப்பார்கள், அந்த இடைவெளி அப்போது உதவும். வேவ் கோப்பாக, 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் பதியுங்கள். ஸ்டீரியோவில் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 1 ஜிகாபைட் ஆகும், அதற்கேற்ப மெமரி அட்டை வாங்கிக்கொள்ளுங்கள். மைக்குக்குப் பஞ்சு உறை போடுங்கள். மேளத்துக்கு முன்னால் நிற்காமல் தேய்க்கும் முகம் இருக்கும் பக்கமாக மூன்று நான்கு மீட்டர் தள்ளி நில்லுங்கள். பொத்தானை அழுத்தியதும் தேதி, இடம், யார் வாசிக்கிறார்கள் என்பதை வாயால் சொல்லுங்கள். இந்தப் பழக்கம் ஒன்றே பிறகு பல நாள் வேலையை மிச்சப்படுத்தும்.

இன்னொன்று. மொத்தக் குழுவையும் பதிந்தால் மட்டும் போதாது, ஒவ்வொருவரையும் தனித்தனியாகவும் ஒத்திகையில் பதியுங்கள், பிறகு இரண்டிரண்டு பேராக. பெரு, பொலிவியா பக்கம் ஆண்டிஸ் மலை மக்கள் வாசிக்கும் சிக்கு என்ற குழலைப் பற்றிப் படித்தபோதுதான் எனக்கு இது உறைத்தது. நாணல் குழாய்களை வரிசையாகக் கட்டிய வாத்தியம் அது. ஆனால் ஒரு சுரவரிசை முழுவதும் ஒருவர் கையில் இருக்காது. இரா என்று ஒரு பாதி, அர்கா என்று ஒரு பாதி, இரண்டு பேர் மாற்றி மாற்றி ஊதினால்தான் ஒரு மெட்டு. ஒருவரை மட்டும் பதிந்துகொண்டு போகிற ஆய்வாளர் ஓட்டை ஓட்டையாக இருக்கும் அரைப் பாட்டைத்தான் கொண்டுபோவார். நம் மேளத்திலும் தவில் விடும் இடத்தில்தான் உறுமி பேசுகிறது, உறுமி இழுக்கும்போது தாளம் காத்திருக்கிறது. யார் யாரைப் பார்த்து மாறுகிறார்கள், கண்ணாலா, தலையாட்டலாலா, ஒரு குறிப்பிட்ட அடியாலா? அதைக் கேளுங்கள். அவர்கள் அதற்குச் சொல்லும் வார்த்தையை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், புத்தகத்தில் இருக்கும் தாளப் பெயரை அதன்மேல் ஒட்டாதீர்கள்.

குறிப்பெடுப்பது பற்றி. களத்தில் கையளவு நோட்டில் சொற்கள் மட்டும் குறித்துக்கொண்டு, அன்றிரவே தூங்குவதற்கு முன் முழுதாக எழுதிவிடுங்கள். நாளைக் காலை என்று வைத்தால் பாதி போய்விடும். என்ன எழுதுவது என்று கேட்பவர்களுக்கு ஒரு உதாரணம். "பக்தர்கள் மிகுந்த பக்தியுடன் காவடி எடுத்தனர்" என்று ஒரு தம்பி எழுதிக் காட்டினான். இதை எழுத அவன் தண்ணீர்மலைக்கே போயிருக்க வேண்டாம். அவனை உட்கார வைத்து என்ன பார்த்தாய் என்று கேட்டேன். அப்புறம் வந்தது: காவடி எடுத்த அண்ணனின் அம்மா முன்னால் பின்னோக்கியே நடந்தார், அவர் கண் மகனின் முகத்தை விட்டு எடுக்கவே இல்லை, சாலை சுடும் இடத்தில் மகன் காலடிக்கு முன்னால் கையிலிருந்த மினரல் வாட்டர் பாட்டிலை ஊற்றிக்கொண்டே போனார், தன் காலுக்கு ஊற்றிக்கொள்ளவில்லை. "இத ஏன்டா எழுதல?" என்று கேட்டேன். இதெல்லாம் ஆய்வில் வருமா என்று அவனுக்குத் தெரியவில்லையாம். தம்பி, இதுதான் ஆய்வு. அந்த அம்மாவிடம் போய்ப் பேசு. அவர் எத்தனை வருடமாக அப்படிப் பின்னோக்கி நடக்கிறார் என்று கேள்.

பூசத்தன்று என்ன செய்வது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதற்குள் உங்கள் வேலையில் பெரும்பகுதி முடிந்திருக்கும். முதல் நாளான செட்டிப் பூசத்தை விடாதீர்கள். செட்டியார்கள் மயிற்பீலிக் காவடியோடு ரதத்தின்கூட நடப்பதைப் பார்த்தால்தான் மறுநாள் பார்க்கப்போவது எவ்வளவு வேறு என்பது புரியும். மறுநாள் விடியுமுன்பே உங்கள் குழு இருக்கும் இடத்தில் இருங்கள், அவர்கள் வீட்டிலிருந்து கிளம்பினால் வீட்டுக்கே போங்கள். நீங்களும் அன்று சைவம்தான், செருப்பும் வேண்டாம். அலகு குத்தும் இடத்தில் "வேல் வேல்" என்று எல்லாரும் சொல்லும்போது நீங்கள் மட்டும் வாயை மூடிக்கொண்டு கேமராவைப் பிடித்து நிற்கக் கூடாது. சொல்ல மனம் இருந்தால் சொல்லுங்கள், இல்லையென்றால் கேமராவையாவது இறக்கி வையுங்கள். யாராவது எலுமிச்சம்பழத்தைக் கையில் கொடுத்து பிடி என்றால் பிடியுங்கள். அந்த நேரத்தில் உங்களால் கிடைக்கும் உதவி அவர்களுக்குப் படத்தைவிட முக்கியம். மலைக்கோயிலுக்கு 500க்கும் மேற்பட்ட படிகள் இருக்கின்றன, கனமான பையோடு ஏறாதீர்கள். பெண் பிள்ளைகள் இருவராகப் போங்கள். உங்களுக்கு ஒரு வசதியும் உண்டு: ஆண் மாணவர்கள் நுழைய முடியாத அடுக்களைக்குள் நீங்கள் நுழையலாம். அன்னதானத்துக்குக் காய் நறுக்கும் அக்காமார்கள் பேசுவதை எந்த மேடையிலும் யாரும் சொல்ல மாட்டார்கள். ஒரு கத்தியை எடுத்துக்கொண்டு உட்காருங்கள், வெங்காயம் உரித்து முடிப்பதற்குள் ஊர்க்கதை முழுவதும் வந்துவிடும்.

பூசம் முடிந்த அடுத்த நாளும் ஆய்வு நாள்தான். அன்று மாலைதான் வெள்ளி ரதம் கோவில் வீட்டுக்குத் திரும்பக் கிளம்பும். முதல் நாள் வந்த செய்தியாளர்களில் பாதிப் பேர் அப்போது இருக்க மாட்டார்கள். அதற்கடுத்த வாரங்களில்தான் நிதானமாகப் பேட்டி எடுக்க வேண்டும், வீட்டில், தே தாரேக் என்கிற டீக்கும் பலகாரத்துக்கும் நடுவில். அப்போது கட்டாயம் கேட்க வேண்டிய ஒரு கேள்வி: "முன்னாடி செஞ்சு இப்ப விட்டுட்டது எது?" பெருவில் கொய்யூர் ரீத்தி என்று ஒரு யாத்திரை உண்டு, அவுசங்கதே மலைப்பக்கம் பனியாறுகளுக்குக் கீழே கூடுவார்கள். உகுகு என்று கரடி வேடம் கட்டியவர்கள் பனியாற்றில் ஏறி, ஐஸ் பாளங்களை வெட்டி முதுகில் சுமந்து இறங்குவது அதில் ஒரு முக்கியச் சடங்கு. பனி சுருங்கிக்கொண்டே போவதைப் பார்த்து அவர்களே அதை நிறுத்திவிட்டார்கள். இன்றைக்கு கேமராவோடு போகிறவருக்கு அந்த ஐஸ் கண்ணில் படாது. கேட்டால்தான் தெரியும். இங்கேயும் அப்படித்தான். தோட்டங்களில் வேலைக்கு இருந்தபோது பூசத்துக்கு எப்படி வந்தார்கள், எங்கே தங்கினார்கள், எந்தப் பாட்டு இப்போது யாருக்கும் தெரியாது என்று கேட்டுப் பாருங்கள், தாத்தா பாட்டிகள் விடிய விடியப் பேசுவார்கள்.

பேட்டியை எழுத்தாக்கும்போது பேசியதைப் பேசியபடியே எழுதுங்கள். "கேட்டுச்சு" என்று சொன்னவரை "கேட்டது" என்று திருத்தாதீர்கள், நடுவில் வரும் மலாய், ஹொக்கியன் சொற்களையும் நீக்காதீர்கள். ஒரு மணி நேரப் பேச்சுக்கு ஐந்தாறு மணி நேரம் உட்கார வேண்டியிருக்கும், அதை முன்கூட்டியே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிரதிகளை ஒரே இடத்தில் வைக்காதீர்கள். சமூகவியலாளர் எம். என். சீனிவாஸ் 1948ல் மைசூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் தங்கி ஆய்வு செய்தவர். அதிலிருந்து பல வருடம் உழைத்து உருவாக்கிய குறிப்புகளின் மூன்று பிரதிகளும் 1970ல் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டில் அவருடைய அறையில் இருந்தபோது, யாரோ வைத்த தீயில் எரிந்துபோயின. மூன்று பிரதி இருந்தும் மூன்றும் ஒரே அறையில். பிறகு அந்த ஊரைப் பற்றி அவர் பெரும்பாலும் நினைவிலிருந்துதான் எழுதினார். உங்களுக்கு அவ்வளவு நினைவாற்றல் இருக்கிறதோ இல்லையோ, ஒரு பிரதி மடிக்கணினியில், ஒன்று தனி வட்டில் வேறு வீட்டில், ஒன்று இணையக் கிடங்கில். கோப்பின் பெயர் தேதியில் தொடங்கட்டும்: 2025-02-11, அப்புறம் இடம், அப்புறம் ஆள் அல்லது குழு. "புதிய பதிவு 37" என்று இருக்கும் கோப்பை இரண்டு மாதம் கழித்து நீங்களே திறக்க மாட்டீர்கள்.

வெளியிலிருந்து வருபவர்தான் நன்றாக ஆராய முடியும், நம் சொந்த ஊரை நாமே எழுதினால் அது ஆய்வாகுமா என்று சிலர் தயங்குகிறார்கள். பெருவின் எழுத்தாளரும் மானிடவியலாளருமான ஹோசே மரியா அர்கேதாஸ் 1939லிருந்து சில வருடம் சிகுவானி என்ற ஊரில் பள்ளி ஆசிரியராக இருந்தார். சிறு வயதில் வீட்டு வேலையாட்களோடு வளர்ந்து ஆண்டிஸ் மலை மக்களின் கெச்சுவா மொழி பேசியவர். அவர் தன் மாணவர்களிடம் சொன்னது, உங்கள் வீட்டுக்கும் ஊருக்கும் போய் அங்கே இருக்கும் கதைகளையும் பாட்டுகளையும் திருவிழாக்களையும் எழுதி வாருங்கள் என்பதுதான். உங்கள் பாட்டியிடமிருந்து நீங்கள் தொடங்கலாம். அவர் சொல்வது உங்களுக்குப் பாதி ஏற்கெனவே தெரியும் என்பதால் மீதிப் பாதியைக் கேட்கத் தெரியும்.

கடைசியாக, திருப்பிக் கொடுப்பது. ஆய்வேட்டின் ஒரு பிரதியை மட்டும் கொடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள், ஆங்கிலத்திலோ மலாயிலோ இருக்கும் 80 பக்கத்தை அவர்கள் என்ன செய்வார்கள்? நீங்கள் பதிந்த ஒலி முழுவதையும் பென் டிரைவில் போட்டுக் கொடுங்கள், படங்களைக் கடையில் பிரிண்ட் போட்டுப் பெயர் எழுதிக் கொடுங்கள். நான் கொடுத்தபோது குழுவின் மூத்த அண்ணன் நன்றி என்றெல்லாம் சொல்லவில்லை. பென் டிரைவைக் காரில் செருகி, தம்பிகளைச் சுற்றி நிற்க வைத்து, ஒரு இடத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிக் காட்டினார். தாளம் அரை அடி முந்தியிருந்த இடம் அது, எனக்கு அதுவரை காதில் விழவே இல்லை. அதையும் அன்றிரவு எழுதி வைத்தேன். இதையெல்லாம் ஆடி மாதத்துக்கு முன்னாலேயே முடித்துவிடுங்கள். ஆடி பிறந்துவிட்டால் அம்மன் கோயில் திருவிழாக்கள் வரிசையாக வரும், அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட மேளக்காரர்களை வீட்டில் பார்க்க முடியாது.